கரித்துண்டு சொல்லும் காலக்கணக்கு



சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப்போட்டிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியை ஆயத்தப்படுத்தினேன். தலைப்பு, தமிழர் தொன்மை. உரையை எழுதிக் கொடுத்தவன் நானே. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "தமிழர் நாகரிகம் இருபதாயிரம் ஆண்டுகள் பழைமையானது என்று கார்பன் சோதனை மெய்ப்பித்துவிட்டது." மாணவி அந்த வரியைக் கையை உயர்த்தி முழங்கினாள். மண்டபத்தில் கைத்தட்டல் எழுந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போட்டி முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், நடுவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் எங்களிடம் வந்தார். பிள்ளையின் தலையைத் தடவிப் பாராட்டிவிட்டு, "எதைச் சோதித்தார்களாம் அம்மா? கல்லையா, பானையையா, கரியையா?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்னிடமும் விடை இல்லை. அந்த வரியை நான் எடுத்தது புலனக் குழுவில் யாரோ அனுப்பிய ஒரு செய்தியிலிருந்து.

வீடு திரும்பும் வழியில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, நான் மேடையில சொன்னது பொய்யா?"

"தெரிந்துகொண்டு சொல்கிறேன், அம்மா" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பல மாதங்கள் படிக்க வேண்டியதாயிற்று. அறிவியல் எனக்குச் சிறப்புப் பாடமன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழும் வரலாறும் படித்தவன் நான். ஆகவே, ஒரு வரலாற்று மாணவனாக நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். என்னைப்போல் கேட்டதை அப்படியே எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் கேள்விக்கு விடை தேடும் பெற்றோர்களுக்கும் இது பயன்பட்டால் மகிழ்ச்சி.

வரவும் செலவும்

கரிமம் என்பது நாம் கார்பன் என்று சொல்லும் தனிமம். மரம், நெல், எலும்பு, மயிர், பருத்தித்துணி என்று உயிரிலிருந்து வந்த எல்லாவற்றிலும் அது உண்டு. கரிமத்தில் பெரும்பகுதி நிலையானது. எத்தனை காலம் ஆனாலும் மாறாது. ஆனால், மிக அரிதாக ஒரு வகை கரிமம் உண்டு. அதன் அணுக்கருவில் 6 புரோட்டான்களும் 8 நியூட்ரான்களும் இருப்பதால் அதனைக் கரிமம்-14 என்பர். இது நிலையற்றது. கதிரியக்கத்தால் சிறுகச் சிறுகச் சிதைந்து நைட்ரஜனாக மாறிவிடும்.

சிதைந்துகொண்டே இருக்கும் பொருள் உலகில் இன்னும் தீராமல் இருப்பது எப்படி? வானிலிருந்து விண்கதிர்கள் ஓயாமல் நம் வளிமண்டலத்தைத் தாக்குகின்றன. அதனால் விடுபடும் நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்களின்மீது மோதி, அவற்றைக் கரிமம்-14 ஆக மாற்றுகின்றன. புதிதாகத் தோன்றிய இக்கரிமம் உயிர்வளியோடு சேர்ந்து கரிவளியாகிறது. செடிகொடிகள் அந்தக் கரிவளியை உட்கொள்கின்றன. ஆடுமாடுகள் செடிகளைத் தின்கின்றன. நாம் இரண்டையும் உண்கிறோம். ஆகவே, உயிரோடு இருக்கும் எல்லாவற்றின் உடலிலும் கரிமம்-14 சிறிதளவு இருக்கிறது. சிறிதளவு என்றால், ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி கரிம அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான்.

உயிர் இருக்கும்வரை வரவும் செலவும் ஒத்துப்போகின்றன. சிதைந்தது போக, உணவின் வழியாகப் புதிது வந்துகொண்டே இருக்கிறது. உயிர் நின்ற அன்று வரவு நின்றுவிடுகிறது. அதன்பின் செலவு மட்டுமே. அந்தச் செலவு ஓர் ஒழுங்கில் நடக்கிறது. 5,730 ஆண்டுகளில் பாதி போய்விடும். 11,460 ஆண்டுகளில் கால் பங்கும், 17,190 ஆண்டுகளில் அரைக்கால் பங்கும் எஞ்சியிருக்கும். எஞ்சியது எவ்வளவு என்று அளந்தால், வரவு நின்று எத்தனை காலமாயிற்று என்று கணக்கிடலாம். கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு என்பதன் சாரம் இவ்வளவுதான்.

இதிலிருந்து நடுவர் ஐயாவின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. கல்லுக்கு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. சுட்ட களிமண்ணும் ஒருபோதும் உயிரோடு இருந்ததில்லை. பானையில் ஒட்டியிருக்கும் கரியையோ, எரிந்த சோற்றுப் பருக்கையையோ, பானைக்குள் கிடந்த நெல்லையோ சோதிக்கலாம். அப்போதும் நமக்குக் கிடைப்பது அந்தக் கரியின் வயதும் நெல்லின் வயதும்தான். பானையின் வயதை அதிலிருந்து நாம் உய்த்துணர்கிறோம்.

சாக்கடையில் கிடைத்த சான்று

இம்முறையை உருவாக்கியவர் வில்லார்ட் லிபி என்னும் அமெரிக்க வேதியியலாளர். கரிமம்-14ஐ 1940ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மார்ட்டின் காமென், சாம் ரூபன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லிபி, இதைக் கொண்டு பழம்பொருள்களின் காலத்தைக் கணிக்கலாமே என்று சிந்தித்தார்.

முதலில் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உயிருள்ளவற்றில் கரிமம்-14 உண்மையிலேயே இருக்கிறதா? இதற்காக லிபியின் குழு இரண்டு வகை மீத்தேன் வாயுவை ஒப்பிட்டது. ஒன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கழிவுநீர் நிலையத்திலிருந்து வந்தது. மனிதக் கழிவிலிருந்து தோன்றியதால் அதன் கரிமம் புதியது. மற்றொன்று பெட்ரோலியத்திலிருந்து வந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த உயிர்களின் எச்சம் அது. சாக்கடை வாயுவில் கரிமம்-14 இருந்தது. பெட்ரோலிய வாயுவில் இல்லை. 1947இல் இம்முடிவு வெளியாயிற்று. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்; ஆனால் மறக்கமாட்டார்கள்.

அடுத்து, வயது தெரிந்த பொருள்களைச் சோதித்துப் பார்த்தனர். எகிப்திய மன்னர்களான சோசர், சினெஃப்ரு ஆகியோரின் கல்லறைகளில் கிடைத்த மரத்துண்டுகள், ஆண்டுவளையங்களை எண்ணி வயது அறியப்பட்ட மரங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஜேம்ஸ் ஆர்னால்டும் லிபியும் 1949 டிசம்பரில் அந்த முடிவுகளை வெளியிட்டனர். பொதுவாக நோக்கின், கணக்கு பொருந்திவந்தது. 1960இல் லிபிக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பொதுவாக நோக்கின் என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. சோசர் கல்லறை மரத்தின் வயது, வரலாற்று அறிஞர்கள் சொன்னதைவிடச் சில நூறு ஆண்டுகள் குறைவாக வந்தது. அன்றைய கருவியின் பிழை வரம்பு பெரிதாக இருந்ததால் அது அவ்வளவாகக் கவலை தரவில்லை. கருவிகள் துல்லியமாகத் துல்லியமாக, எகிப்தியப் பழம்பொருள்கள் தொடர்ந்து இளமையாகவே வந்தன. தவறு எகிப்திய வரலாற்றிலா, லிபியின் கணக்கிலா?

தவறு ஒரு கருதுகோளில் இருந்தது. காற்றில் கரிமம்-14இன் அளவு எக்காலத்திலும் ஒரே சீராக இருந்தது என்று லிபி கொண்டிருந்தார். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஆய்வகம் நடத்திய ஹெசல் டி விரீஸ், அது ஏறியும் இறங்கியும் வந்துள்ளதை 1958இல் எடுத்துக்காட்டினார். பின்னர் கலிபோர்னியாவின் வெண்மலைத் தொடரில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழும் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களும், அவற்றின் அருகே காய்ந்து கிடந்த பழைய மரங்களும் கைகொடுத்தன. ஒவ்வோர் ஆண்டுவளையமும் அந்தந்த ஆண்டின் காற்றைப் பதிவுசெய்து வைத்திருந்தது. வளையங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எந்தக் காலத்தில் எவ்வளவு கரிமம்-14 இருந்தது என்று ஒரு திருத்த அட்டவணை உருவாக்கினர். 2020இல் வெளிவந்த இன்ட்கால்20 என்னும் அட்டவணை 55,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கிறது. இன்று ஆய்வகங்கள் தரும் எண் இவ்வட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட பின்னரே ஆண்டுக்கணக்காகிறது.

நாற்பது முறை மெய்ப்பிக்கப்பட்ட நோபல் அறிவியல் என்று நாம் மேடையில் முழங்கும் ஒன்று, தன் பிழையைத் தானே தேடித் திருத்திக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது. எனக்கு இது பெரிய பாடமாக இருந்தது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அரைவாழ்நாள் என்னும் கருத்தை விளக்க எளிய வழி ஒன்றைக் கையாண்டேன். ஒவ்வொரு குழுவிடமும் 64 பத்துக்காசு நாணயங்களைக் கொடுத்தேன். ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி மேசையில் கொட்ட வேண்டும். பூ விழுந்தவற்றை எடுத்துவிட வேண்டும். அவை சிதைந்துபோன அணுக்கள். எஞ்சியவற்றை எண்ணி எழுதிக்கொண்டு, மீண்டும் குலுக்க வேண்டும். ஒரு குலுக்கல் 5,730 ஆண்டுகள்.

கணக்குப்படி 32, 16, 8, 4 என்று வர வேண்டும். எந்தக் குழுவுக்கும் அப்படி அச்சாக வரவில்லை. ஒரு குழுவுக்கு முதல் குலுக்கலில் 29, இன்னொரு குழுவுக்கு 36. "ஐயா, எங்களுக்குத் தப்பா வந்திடுச்சு" என்று ஒரு மாணவன் முகம் வாடினான். தவறில்லை என்று சொல்லிவிட்டு, எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டிப் பங்கிட்டோம். பாதிக்கு மிக அருகில் வந்தது.

ஆய்வக அறிக்கைகளில் 3000 ± 30 என்பதுபோல் எழுதுவதன் பொருளை அப்பொழுதுதான் அவர்களுக்கு விளக்க முடிந்தது. அணுக்கள் சிதைவதும் நாணயம் விழுவதுபோலத்தான். உண்மையான அளவு அந்த 30க்குள் இருக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இரு மடங்காகிய 60க்குள் இருக்க நூற்றுக்கு 95 பங்கு வாய்ப்பு. அந்தக் கூட்டல் கழித்தல் குறியை நாம் மேடைப்பேச்சில் முதலில் வெட்டி எறிகிறோம். அறிவியலாளர் தம் நேர்மையை வைத்திருப்பதே அந்தக் குறியில்தான்.

நான்கைந்து குலுக்கல்களில் மேசையில் இரண்டு மூன்று நாணயங்களே மிஞ்சின. "இதுக்கு மேல எண்ண ஒன்னும் இல்ல ஐயா" என்றார்கள். அதுவும் பாடமே. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. டைனசோர்களின் வயதை இம்முறையால் அறிந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவற்றுக்கு வேறு முறைகள் உண்டு.

இன்னொரு குறிப்பு. அறிக்கைகளில் "இன்றைக்கு இத்தனை ஆண்டுகளுக்கு முன்" என்று வந்தால், அந்த "இன்று" 1950ஆம் ஆண்டைக் குறிக்கும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலுள்ள கரிமம்-14ஐ ஏறத்தாழ இரு மடங்காக்கிவிட்டதால், அதற்கு முந்திய ஆண்டை அளவுகோலாகக் கொண்டது வசதியாகவும் அமைந்தது.

நியா குகையின் மண்டையோடு

எண்ணைவிட, எதன் எண் என்பது முக்கியம். இதை எனக்குத் தெளிவாக்கியது நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாறு. சரவாக் மாநிலத்தில், மிரிக்குத் தெற்கே நியா குகைகள் உள்ளன. பெருங்குகையின் மேற்கு வாயில் 60 மீட்டருக்கும் அதிகமான உயரம் உடையது. பறவைக்கூடு எடுப்போர் காலங்காலமாக அங்கு ஏறி இறங்கி வந்துள்ளனர். சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்த டாம் ஹாரிசன், தம் துணைவியார் பார்பராவுடன் 1950களிலும் 1960களிலும் அங்கு அகழாய்வு நடத்தினார். வெயிலும் வெக்கையும் தாங்க முடியாத ஒரு குழிக்கு அவர்கள் "நரகம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். 1958 பிப்ரவரியில் அந்தக் குழியின் ஆழத்தில் ஒரு மனித மண்டையோடு கிடைத்தது. ஆழ்மண்டையோடு என்றே அது பெயர் பெற்றது.

அதன் அருகே, ஏறத்தாழ அதே ஆழத்தில் கிடைத்த கரியை, நான் முன்பு குறிப்பிட்ட குரோனிங்கன் ஆய்வகத்திற்கு அனுப்பினார்கள். வந்த விடை, ஏறத்தாழ 40,000 ஆண்டுகள். உலகமே வியந்தது. நம்மைப் போன்ற தற்கால மனித இனத்தின் எச்சங்களில் அவ்வளவு பழையது அப்போது ஐரோப்பாவில்கூட உறுதிப்படவில்லை.

வியப்பைத் தொடர்ந்து ஐயமும் வந்தது. ஐயப்பட்டவர்கள் பொறாமைக்காரர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அவர்கள் கேட்ட கேள்விகளோ நியாயமானவை.

முதற்கேள்வி: வயது கணிக்கப்பட்டது கரிக்கு, மண்டையோட்டுக்கு அன்று. அதே குகைவாயிலில் பிற்காலத்து இடுகாடு ஒன்றும் இருந்தது. பிற்காலத்தவர் குழி தோண்டிப் புதைத்த ஒருவரின் தலை, பழைய கரி இருந்த ஆழத்திற்குப் போயிருக்கலாமே?

இரண்டாம் கேள்வி: ஹாரிசன் முறையான தொல்லியல் பட்டம் பெற்றவர் அல்லர். மண் அடுக்குகளின் வளைவு நெளிவுகளைப் பின்பற்றித் தோண்டாமல், மேலிருந்து இத்தனை அங்குலம் என்று ஆழத்தை மட்டும் அளந்து தோண்டினார். குகைத்தரை சமமாக இல்லாதபோது, ஒரே ஆழம் ஒரே காலமாகுமா?

மூன்றாம் கேள்வி: 40,000 ஆண்டுகளில் கரிமம்-14 ஏழு முறை பாதியாகிவிடும். தொடக்கத்தில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த நிலையில், புதிய வேர்களிலிருந்தோ நிலத்தடி நீரிலிருந்தோ சிறிது புதுக்கரிமம் கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். கரிமம்-14 அறவே இல்லாத மிகப் பழைய பொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு புதுக்கரிமம் கலந்தால், அது ஏறத்தாழ 37,000 ஆண்டு வயது காட்டும். வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் நாட்டில் இந்த ஆபத்து அதிகம்.

ஹாரிசன் 1976இல் ஒரு சாலை விபத்தில் காலமானார். கேள்விகள் அப்படியே இருந்தன. 2000ஆம் ஆண்டில் கிரேம் பார்க்கர் என்னும் பிரிட்டிஷ் தொல்லியல் பேராசிரியரின் தலைமையில் ஒரு பெருங்குழு, சரவாக் அருங்காட்சியகத்தோடு இணைந்து மீண்டும் நியாவுக்குச் சென்றது. அவர்கள் புதையல் தேடிப் புதுக்குழி தோண்டுவதில் முனையவில்லை. ஹாரிசனின் பழைய குழிகளின் சுவர்களைத் துப்புரவு செய்து, மண் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அவருடைய குறிப்பேடுகளையும் நிழற்படங்களையும் எடுத்து, மண்டையோடு எந்த அடுக்கில் கிடந்தது என்று பொருத்திப் பார்த்தார்கள். கரித்துண்டுகளிலிருந்து பிற்காலக் கரிமத்தைக் கடுமையான வேதிமுறைகளால் நீக்கிவிட்டு, மீண்டும் வயது கணித்தார்கள். முடுக்கிப் பொறியால் அணுக்களை நேரடியாக எண்ணும் புதிய முறை 1977 முதல் வளர்ந்து வந்ததால், சில மில்லிகிராம் கரியே போதுமானதாக இருந்தது.

மண்டையோட்டையே சோதிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எலும்பில் கரிமக் கணிப்புக்கு உதவுவது கொலாஜன் என்னும் புரதம். வெப்பமண்டலத்தில் அது விரைவில் அழிந்துவிடும். ஆகவே, யுரேனியம் சிதைவதை அளக்கும் மற்றொரு முறையை எலும்பின்மீது பயன்படுத்தினர். அது 35,000 ஆண்டுகளை ஒட்டிய வயதைக் காட்டியது. எலும்பு மண்ணுக்குள் போன பிறகே யுரேனியத்தை உறிஞ்சுகிறது என்பதால், இது குறைந்த அளவு வயதாகும். இரண்டு முறைகளும், மண் அடுக்குச் சான்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஆழ்மண்டையோடு பிற்காலப் புதையல் அன்று, உண்மையிலேயே அவ்வளவு தொன்மையானது என்று 2007இல் வெளிவந்த கட்டுரையில் அக்குழு அறிவித்தது.

ஹாரிசன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதை உறுதிப்படுத்த ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. இன்னொரு திருத்தமும் வந்தது. முதலில் பதின்ம வயது ஆண் ஒருவனுடையது என்று கருதப்பட்ட அந்த மண்டையோடு, நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியினுடையதாக இருக்கலாம் என்று 2016இல் டேரன் கர்னோவின் குழு மறுஆய்வு செய்து கூறியது. 2024 ஜூலையில் நியா தேசியப் பூங்காவின் குகைகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. விடுமுறையில் சரவாக் செல்லும் பெற்றோர்கள் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, இந்த வரலாற்றையும் சொல்லிக் காட்ட வேண்டுகிறேன்.

கீழடிக்கு வருவோம்

நம் பிள்ளைகள் மேடையில் பேசுவது பெரும்பாலும் கீழடியைப் பற்றித்தான். பேச வேண்டியதும்தான். அங்குள்ள சான்று என்ன என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2018இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு கரி மாதிரிகள், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஓர் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205ஐச் சேர்ந்தது என்றும் 2019 செப்டம்பரில் அத்துறை வெளியிட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்லப்பட்டு வந்த வைகைக்கரை நகர வாழ்வின் தொடக்கத்தை, கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றது அந்த அறிக்கை. இது பெரிய செய்தி. இதற்கு இருபதாயிரம் என்னும் ஒப்பனை தேவையே இல்லை.

ஆனால், நியாவில் கற்றதை இங்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். கி.மு. 580 என்பதை ஓர் ஆண்டாக எண்ணக்கூடாது. காற்றில் கரிமம்-14இன் அளவு மாறி வந்தது என்றேன் அல்லவா? கி.மு. 800 முதல் 400 வரையிலான நானூறு ஆண்டுகளில் திருத்த அட்டவணையின் கோடு ஏறத்தாழச் சமதளமாக ஓடுகிறது. ஆய்வாளர்கள் இதனை ஹால்ஸ்டாட் சமதளம் என்பர். அக்காலத்துப் பொருள் எந்த ஆண்டைச் சேர்ந்ததாக இருந்தாலும் ஆய்வகத்தில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தரும். உலகில் எந்த நாட்டுப் பொருளாக இருந்தாலும் இதே சிக்கல்தான். ஆகவே, ஒரே ஒரு கரித்துண்டின் எண்ணைவிட, பல மாதிரிகள், அவை கிடைத்த அடுக்குகள், உடன் கிடைத்த பானை எழுத்துகள் ஆகியவை சேர்ந்து சொல்லும் கதையே வலிமையானது.

கரியில் மற்றொரு நுட்பமும் உண்டு. நம் தோட்டப்புறங்களில் பழைய தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளை எரித்ததை மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கரியைச் சோதித்தால், கட்டை எரிந்த ஆண்டு கிடைக்காது. அந்த மரத்தில் அந்த வளையம் வளர்ந்த காலமே கிடைக்கும். நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுப்பகுதியாக இருந்தால் கணக்கு நூறு ஆண்டு பின்னால் போய்விடும். இதற்காகவே ஆய்வாளர்கள் நெல், விதை, சுள்ளி போன்ற குறைந்த ஆயுள் உள்ளவற்றைப் பெரிதும் விரும்புவர். நெல் ஒரு பருவத்துப் பயிர். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தபோது, அச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தந்ததற்கு இதுவே காரணம். யாரோ ஒருவருக்காக அன்புடன் தாழியில் வைத்த நெல், தன் வயதைத் தானே சொல்கிறது.

மாணவிக்கு நான் சொன்ன விடை

அந்த மாணவிக்குத் தந்த வாக்கு நினைவிருக்கிறது அல்லவா? அடுத்த ஆண்டு, அவள் ஆறாம் ஆண்டில் இருந்தபோது, வகுப்பின் முன் நின்று சொன்னேன்: "போன ஆண்டு நான் எழுதிக் கொடுத்த ஒரு வரி தவறானது. பொய் சொன்னது இவள் அல்ல. ஆராயாமல் எழுதியது நான்." பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள் போலும்.

பிறகு அந்த வரியை எல்லாரும் சேர்ந்து திருத்தினோம். கரும்பலகையில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, இறுதியில் நின்றது இது: "கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டு, ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கரிமச் சோதனை கூறுகிறது. அந்தக் காலத்தில் வைகைக்கரையில் நம் முன்னோர் செங்கல் வீடு கட்டி வாழ்ந்தனர் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்." முழக்கம் குறைவுதான். ஆனால், யார் வந்து கேட்டாலும் பிள்ளை தலைநிமிர்ந்து விடை சொல்லலாம். அவளே அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்ப அந்த ஐயா கேட்டா சொல்லிடுவேன்" என்றாள்.

தமிழின் தொன்மையைப் பற்றி நாம் கூட்டிச் சொல்லும் ஒவ்வொரு பொய்யும், உண்மையான சான்றின்மீது பிறர் ஐயம் கொள்ளவே வழிவகுக்கும். இருபதாயிரம் என்று கேட்டுச் சிரித்தவர், இரண்டாயிரத்து அறுநூறு என்று நாம் மெய்யாகச் சொல்லும்போதும் சிரிப்பார். இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான்.

ஆகவே, "கார்பன் சோதனை மெய்ப்பித்தது" என்னும் சொற்கள் கண்ணில் பட்டால், பிள்ளைகளோடு சேர்ந்து இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. சோதிக்கப்பட்ட பொருள் எது? அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததா?

2. அந்தப் பொருளுக்கும், நாம் வயது சொல்ல விரும்பும் பொருளுக்கும் என்ன தொடர்பு? இரண்டும் ஒரே அடுக்கில் கிடைத்தனவா?

3. எண்ணோடு கூட்டல் கழித்தல் குறி இருக்கிறதா? எந்த ஆண்டில், யார் வெளியிட்டார்கள்?

இம்மூன்றுக்கும் விடை கிடைக்கவில்லை என்றால், அந்தச் செய்தியைப் பிள்ளையின் உரையில் சேர்க்க வேண்டா. விடை கிடைத்தால், அந்த விடையையும் சேர்த்தே பேசச் சொல்லுங்கள். நடுவர் ஐயாவைப் பிறகு நான் சந்திக்க வாய்க்கவில்லை. சந்தித்தால், அவர் கேட்ட ஒரு கேள்விக்காக நன்றி சொல்ல வேண்டும்.

மீண்டும் ஒரு வரலாற்றுச் செய்தியோடு சந்திப்போம்.